குறையையும் எழுதிக் கொடுங்கள்

மம்சாபுரத்திலும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டாரத்திலும் பழைய போன், லேப்டாப், டேப் வாங்கி இணையத்தில் விற்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



மாலை நேரத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன் நான். மில்லில் ஷிப்டு பார்க்கும் தாய்மாரும், சத்திரப்பட்டிக்கு பேண்டேஜ் துணி வேலைக்குப் போகிறவர்களும், சிவகாசி வேன் ஏறுகிறவர்களும் என்னிடம் வந்து, "சார், காலேஜ்ல லேப்டாப் வேணும்னு சொல்லுதாங்களாம், புதுசு வாங்க வழியில்ல, என்ன செய்ய?" என்று கேட்கிறார்கள். பழையதே போதும், நம்ம ஊர்ப் பிள்ளைகளே விற்கிறார்கள், அவர்களிடம் விசாரியுங்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். அவர்கள் உங்கள் கையில் பணத்தை எண்ணி வைக்கும்போது உங்கள் பேச்சை நம்புவதோடு என் பேச்சையும் நம்பித்தான் வைக்கிறார்கள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். ஒருவரைக் கூப்பிட்டுச் சொன்னால் அவரைக் குற்றவாளி ஆக்கியதுபோல் ஆகிவிடும். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

உங்கள் தொழிலை வீட்டிலேயே மதிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். "படிச்சிட்டு பழைய சாமான் யாவாரம் பாக்குதான்" என்று சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு தவறு. இரவெல்லாம் விளம்பரங்களைப் புரட்டி, மதுரை வரை பஸ் ஏறிப் போய், கூட்டத்தில் நின்று ஒரு செட்டை வாங்கி வந்து, சார்ஜிங் போர்ட்டைச் சுத்தம் செய்து, பேட்டரி மாற்றி, மைக், ஸ்பீக்கர், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டு, "லாஸ்ட் ரேட் என்ன?" என்று கேட்டு வருகிற நூறு பேருக்குப் பதில் சொல்லி, கடைசியில் ஐந்நூறோ எழுநூறோ கையில் நிற்க வைப்பது உழைப்புதான். அந்த உழைப்பால் ஒரு வீட்டுக்கு, எட்டாத விலையில் இருந்த பொருள் எட்டுகிற விலைக்கு வருகிறது.

ஊருக்கும் இதனால் நன்மை இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது கால்வாசிகூட இல்லை. கழிவை அதிகம் உண்டாக்கும் நாடுகளின் வரிசையில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து இந்தியா நிற்கிறது. ஒரு போன் தன் ஆயுளில் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கேட்டில் பெரும்பங்கு, அது நம் கைக்கு வருவதற்கு முன்பே, சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் நடந்து முடிந்துவிடுகிறது. எனவே செய்து முடித்த ஒரு போனை இன்னும் இரண்டு வருஷம் ஓட வைக்கிறவர் செய்வது நல்ல காரியம். டெல்லி சீலம்பூரில் சின்னப் பிள்ளைகள்கூட போர்டுகளை உடைத்தும் எரித்தும் செம்பு எடுக்கிறார்கள். அங்கே போய்ச் சேர வேண்டிய ஒரு பொருளை நீங்கள் நம் தெருவில் ஒரு மாணவியின் மேசைக்குத் திருப்பி விடுகிறீர்கள்.

இவ்வளவு நல்ல தொழிலுக்குள் ஒரு பழக்கம் நுழைந்திருக்கிறது. கேட்டால் மட்டும் சொல்வது, கேட்காவிட்டால் மறைப்பது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன், பேர் வேண்டாம். கணவனை இழந்த ஒரு தாய், மகளுக்காக ஒரு போன் வாங்கினார். பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. பாக்ஸ் இருந்தது, சார்ஜர் இருந்தது, விலையும் குறைவு. இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் காலையில் திரை முழுக்க ஒரு அறிவிப்பு வந்து நின்றது: தவணை பாக்கி இருக்கிறது, கட்டினால்தான் திறக்கும். முதலில் வாங்கியவர் தவணையில் எடுத்திருக்கிறார். நிதி நிறுவனம் அதில் பூட்டுச் செயலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறது. சில தவணை கட்டிவிட்டு, பணமுடையில் அவர் அதை விற்றுவிட்டார். கை மாறி, கை மாறி, இந்த அம்மாவிடம் வந்து நின்றபோது பூட்டு விழுந்தது. விற்ற பையனைக் கேட்டால், "எனக்கு வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். பொய் சொன்னான் என்று நான் சொல்லவில்லை. தவணை முடிந்ததா என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்த விலைக்கு அது கிடைக்காது என்பது அவனுக்குத் தெரியும். அந்த அம்மா வேறொருவரின் கடனைக் கட்ட மறுத்துவிட்டார். அவரால் கட்டவும் முடியாது. போன் பீரோவில் கிடக்கிறது. பெண், பக்கத்து வீட்டுப் போனில் பாடம் பார்க்கிறாள்.

லேப்டாப்பில் வேறு மாதிரி. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால், இன்டெல் சிப்பாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்புகள் லாட் லாட்டாகச் சென்னை ரிச்சி தெருப் பக்கம் வந்து, அங்கிருந்து உங்களிடமும் வருகின்றன. அவற்றில் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் நிறைய. தடையைச் சுற்றிக்கொண்டு அதிலும் விண்டோஸ் 11 ஏற்றலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஏற்றினால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். வாங்குகிற தறிக்காரருக்கு இரண்டுமே தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது திரையில் இருக்கும் புதிய படம் மட்டும். "விண்டோஸ் லெவன், லேட்டஸ்ட்" என்று சொல்லி விற்கும்போது அவருடைய அறியாமைக்கு நீங்கள் ஒரு விலை போட்டு வாங்கிக்கொள்கிறீர்கள். அதே மெஷினில் லினக்ஸ் ஏற்றி, "அண்ணே, இது பழைய சிப்பு, இதில இதுதான் ஒழுங்கா ஓடும், பிள்ளை புரோகிராம் எழுதிப் படிக்க நல்லாவே போதும், விலை ஆயிரம் கம்மி" என்று சொல்லி விற்கவும் முடியும். அப்படி விற்கிற பையன் ஒருவன் நம்மிடையே இருக்கிறான். என்னிடம் கேட்டு வருகிறவர்களை நான் முதலில் அவனிடம்தான் அனுப்புகிறேன்.

டூப்ளிகேட் டிஸ்ப்ளே காம்போ போட்டதைச் சொல்லாமல் விற்பது, உப்பத் தொடங்கிய பேட்டரியை மூடி போட்டு அமுக்கிக் கொடுப்பது, போர்டு சர்வீஸ் ஆன செட்டை "ஓப்பன் பண்ணாத பீஸ்" என்பது எல்லாம் இந்த வகைதான். பேட்டரி விஷயத்தில் மட்டும் கோபத்தோடு சொல்கிறேன். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். தலைமாட்டில் போனை வைத்துத் தூங்குகிற பிள்ளைக்கு அதை விற்காதீர்கள். மாற்றி எடுத்த பேட்டரியைக் கண்மாய்க் கரையில் குப்பையோடு போட்டுக் கொளுத்துவதையும் விடுங்கள்.

"பாத்துத்தான வாங்குனாங்க?" என்று நீங்கள் கேட்பீர்கள். மாட்டுச் சந்தையில் அந்தக் கேள்வி நியாயம். வாங்க வந்த சம்சாரி பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விற்பவருக்குத் தெரிந்த மாடு அவருக்கும் தெரியும். போனை அப்படிப் பார்க்க முடியுமா? நம் தெருவில் எத்தனை பேருக்குப் பின்மூடியைக் கழற்றி, போர்டில் ஈரம் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும்? நீங்கள் வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டதை, ஐந்து நிமிஷம் டீக்கடை வாசலில் நின்று பார்த்து அவர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது நேர்மையான எதிர்பார்ப்பு இல்லை.

இந்தச் சிக்கலைப் பற்றிப் பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. ஜார்ஜ் அகர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் வியாபாரத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரில் என்ன குறை என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் என்ன செய்வார்? எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் காருக்கும் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல காரை யாரும் விற்க வரமாட்டார்கள். ஓட்டைக் கார்தான் வரும். ஓட்டைக் காராக வர வர, விலை இன்னும் இறங்கும். கடைசியில் நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையைவிட்டே போய்விடுவார். இதற்காக அவருக்கு வேறு இருவரோடு சேர்த்து 2001இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் ஊரில் நடப்பது இதுதானே? நீங்கள் உண்மையிலேயே நல்ல செட் ஒன்றை 6,000 ரூபாய் சொன்னால், "நாலாயிரத்துக்குத் தாரியா?" என்று ஏன் கேட்கிறார்கள்? கஞ்சத்தனமா? போன தடவை ஏமாந்தவர்கள் அவர்கள். அல்லது ஏமாந்தவரின் கதையைக் கேட்டவர்கள். உங்களில் ஒருவர் மறைத்து விற்றதால் வந்த 500 ரூபாய் லாபத்தை, உங்களில் மற்ற எல்லோரும் சேர்ந்து விலைக்குறைவாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பேரம் அதிகமாகிவிட்டது, யாவாரமே போச்சு என்று என்னிடம் வருத்தப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்ற பயம் இருக்கிறது. இணையத்தில் பழைய பொருள் விற்கும் இந்த வியாபாரம் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்ற இளைஞர் ஒரு ஏலத் தளத்தைத் தொடங்கினார். பிறகு அதற்கு ஈபே என்று பெயர் வந்தது. அதில் முதலில் விலைபோன பொருள் ஒரு லேசர் பாயிண்டர். உடைந்தது என்று சொல்லியே போட்டார். 14.83 டாலருக்கு ஒருவர் எடுத்தார். ஒமிடியாருக்கே சந்தேகம் வந்து, இது உடைந்தது என்று தெரியுமல்லவா என்று அவரைக் கேட்டார். தெரியும், உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பதுதான் தன் பழக்கம் என்றார் வாங்கியவர். நீங்கள் இன்று செய்யும் தொழிலின் முதல் விற்பனைகளில் ஒன்று, குறையைச் சொல்லி நடந்த விற்பனை. குறை தெரிந்தே வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள். ஸ்பீக்கர் போன போன், காதில் ஹெட்செட் மாட்டிப் பாடம் கேட்கிற பிள்ளைக்குப் போதும். கேமரா போனது, பாட்டிக்குப் பேச மட்டும் போதும். கீபோர்டில் இரண்டு எழுத்து வேலை செய்யாத லேப்டாப்பை, தனியாக ஒரு கீபோர்டு செருகிக்கொள்கிறேன் என்று சொல்லி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு எந்தக் குறை ஒத்துப்போகும் என்று தேடிச் சேர்ப்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது.

அடுத்து, திருட்டுப் பொருள். இதில் நீங்கள் விளையாட்டாக இருப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது. பில் இல்லை, பாக்ஸ் இல்லை, பாதி விலை, கொண்டு வந்தவர் ஊர் பேர் தெரியாது. இருந்தும் வாங்கிவிடுகிறீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ அதை நேர்மையற்ற முறையில் வாங்கி வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறை. "காரணம் இருந்தோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். பாதி விலையே ஒரு காரணம் என்று போலீஸ் சொல்லும். ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஐந்நூறு ரூபாய் லாபத்துக்கு அவ்வளவு பெரிய ஆபத்தை எதற்காகத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள்?

சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். *#06# அழுத்தினால் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ அதைப் போட்டால், அந்த எண் முடக்கப்பட்டதா, போலியா என்று சொல்லிவிடும். 2023 மே மாதம் முதல் நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. தொலைந்த போனை உரியவர் இதில் பதிந்துவிட்டால், எந்த சிம்மைப் போட்டாலும் அது இந்திய நெட்வொர்க்கில் வேலை செய்யாது. பழைய போன் வாங்கி விற்கும் தொழில் செய்கிறவர்கள் எண்ணைச் சரிபார்த்த பிறகே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு சைபர் பாதுகாப்பு விதிகளிலும் 2025 அக்டோபரில் திருத்தம் வந்துவிட்டது. சட்டம் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அது வீட்டு வாசலுக்கு வருவதற்கு முன்பே நீங்கள் ஒழுங்காக இருந்துகொள்ளுங்கள்.

உங்களை ஏமாற்றுகிறவர்களும் உண்டு, அதை நான் மறக்கவில்லை. ராணுவத்தில் இருக்கிறேன், பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடு என்று சொன்னவனிடம் பணத்தை இழந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஏமாந்த அன்று உங்கள் வயிறு எப்படி எரிந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். பூட்டு விழுந்த போனோடு நின்ற அந்தத் தாயின் வயிறும் அப்படித்தான் எரிந்தது.

இன்னொன்று, நீங்கள் வாங்குகிற போனுக்குள் இருப்பது. விற்க வருகிறவர்கள் பலருக்கு எதையும் அழிக்கத் தெரியாது. ஆதார் அட்டைப் படம், பாஸ்புக் படம், பெண் பிள்ளைகளின் படங்கள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் அப்படியே உங்கள் கைக்கு வருகின்றன. திறந்து பார்க்காமல் இருப்பது மட்டும் போதாது. விற்க வந்தவர் கண் முன்னாலேயே அவருடைய கூகுள் கணக்கை நீக்கச் சொல்லி, பிறகு ஃபேக்டரி ரீசெட் போட்டு, வெறுமையாக அது திறப்பதை அவருக்குக் காட்டிவிட்டு வாங்குங்கள். லேப்டாப் என்றால் டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டு விண்டோஸ் ஏற்றுங்கள். ஃபைலை டெலீட் செய்தால் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் போட்டால் பழைய கணக்கைக் கேட்டு லாக் விழக்கூடும். அதை உடைக்க ஆள் தேடி நீங்கள் அலைய வேண்டாம் என்பது இதில் உங்களுக்கும் லாபம். ஒரு பெண்ணின் படம் யாருக்கோ போய்ச் சேர்ந்தால் அதற்கு நஷ்டஈடு என்று ஒன்று கிடையாது. இதில் எனக்கு எந்தச் சமாதானமும் வேண்டாம், எந்த விதிவிலக்கும் வேண்டாம்.

அரசு லேப்டாப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகள் பயன்பெற்றார்கள். நம் தெருக்களில் முதல் கம்ப்யூட்டர் என்று வீட்டுக்குள் வந்ததே பல வீடுகளில் அதுதான். அரசு முத்திரையோடு கொடுத்த அதே லேப்டாப்புகள் கொஞ்ச நாளில் இணைய விளம்பரங்களில் விலைக்கு வந்ததையும் தமிழ்நாடு பார்த்தது. ஏழ்மையால் விற்றவர்களை நான் திட்டமாட்டேன். வாங்கி, முத்திரையைச் சுரண்டி விற்றவர்களை நினைத்தால்தான் வருத்தம். இப்போது 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப் என்று 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அந்தப் பொருள் அப்பா குடிக்காகவோ, வட்டிக்காரன் நெருக்கியோ உங்களிடம் விற்பனைக்கு வந்தால் வாங்காதீர்கள். படிக்கிற பிள்ளையின் பொருள் என்று தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், "இதை நான் எடுக்க மாட்டேன், பிள்ளைகிட்டயே குடுத்துருங்க" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை நீங்கள் எல்லோரும் சொன்னால் அதை எடுக்க இந்த வட்டாரத்தில் ஆள் இருக்காது.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நீங்கள் விற்கும் ஒவ்வொரு பொருளோடும் கையால் எழுதிய ஒரு தாள் கொடுங்கள். தமிழில் எழுதுங்கள். உங்கள் பெயர், போன் நம்பர், தேதி, விலை. போனாக இருந்தால் ஐஎம்இஐ எண், லேப்டாப்பாக இருந்தால் சீரியல் எண், எத்தனையாவது தலைமுறைச் சிப் என்பது. மாற்றிய பாகங்கள் எவை, அவை ஒரிஜினலா டூப்ளிகேட்டா. உங்களுக்குத் தெரிந்த குறைகள் அத்தனையும். தவணை பாக்கி இல்லை, லாக் இல்லை என்று ஒரு வரி. எத்தனை நாளைக்குள் கோளாறு என்று கொண்டு வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்கள் என்று ஒரு வரி. ஏழு நாள் என்றால்கூடப் போதும். கீழே கையெழுத்து. இரண்டு பிரதி எழுதி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் விற்க வருகிறவரிடமும் இதே மாதிரி ஒன்றை எழுதி வாங்குங்கள், அடையாள அட்டை நகலோடு. நாளைக்கு ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டால், நான் யாரிடம், என்றைக்கு, என்ன கேட்டு வாங்கினேன் என்று எடுத்துக் காட்ட உங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

இதற்கு ஜிஎஸ்டி எண் வேண்டுமா, பில் புக் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்று, ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் விற்பனை செய்யும் சின்ன வியாபாரிக்குப் பதிவு கட்டாயமில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் கணக்கு வேறு, அப்போது ஆடிட்டரைக் கேளுங்கள். நான் கேட்பது நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள்தான்.

விலை குறையுமே என்பீர்கள். குறையும்தான். கணக்கே போட்டுப் பார்ப்போம். 4,000 ரூபாய்க்கு வாங்கி, 400 ரூபாய்க்குப் பேட்டரி மாற்றி, போக வர 100 ரூபாய் செலவழித்த செட்டை, அதில் ஏற்கெனவே டூப்ளிகேட் காம்போ போட்டிருப்பதைச் சொல்லாமல் 5,200க்கு விற்றால் 700 நிற்கிறது. எழுதிக் கொடுத்தால் 4,800தான் கேட்பார்கள், 300 நிற்கும். ஒரு செட்டுக்கு 400 ரூபாய் நஷ்டம். அது சின்னப் பணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதிக் கொடுத்த பையனிடம் அந்தக் குடும்பம் அடுத்த தடவையும் வரும், அத்தை மகனை அனுப்பும், மில்லில் பக்கத்து மெஷினில் நிற்கிறவளிடம் சொல்லும். மறைத்து விற்றவனுக்கு ஒவ்வொரு தடவையும் புது ஊர், புது ஆள் வேண்டும். நம் ஊர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. மம்சாபுரத்தில் ஒருவரை ஏமாற்றினால் அந்தச் செய்தி நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே உங்கள் அம்மா காதுக்குப் போய்விடும்.

"நான் மட்டும் எழுதிக் குடுத்தா, எழுதாதவன் என்னைவிட அதிகம் சம்பாதிப்பானே?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இதை உங்களில் ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்குமாக எழுதினேன். உங்களுக்குள் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எந்த மாடலுக்கு என்ன ரேட் என்று பேசிக்கொள்கிறீர்கள். அதிலேயே இதையும் பேசுங்கள். எல்லோரும் ஒரே மாதிரித் தாள் கொடுப்பது என்று முடிவெடுங்கள். தாள் இல்லாமல் விற்கிறவரிடம் நீங்களும் சரக்கு வாங்காதீர்கள், சரக்கு கொடுக்காதீர்கள். பத்துப் பேர் தொடங்கினால் மற்றவர்களைக் கேட்க வைப்பது வாங்குகிறவர்கள் வேலை. தாள் எங்கே என்று கேட்கப் பெற்றோர்களுக்கு நான் சொல்லித் தருகிறேன்.

என் பக்கத்தில் இருந்து ஒரு உறுதி தருகிறேன். வருகிற ஜூனில் கல்லூரி சேர்க்கை தொடங்கும்போது, லேப்டாப் கேட்டு என்னிடம் வருகிற ஒவ்வொரு வீட்டாரையும், இந்தத் தாளை எழுதிக் கொடுக்கிறவர்களிடம் மட்டும்தான் அனுப்புவேன். எழுதிக் கொடுக்காதவர் எனக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதத் தெரியவில்லை, எப்படி எழுதுவது என்று தடுமாறினால் மாலையில் வீட்டுக்கு வாருங்கள், முதல் தாளைச் சேர்ந்தே எழுதுவோம். இப்போது உங்கள் கையில் விற்பனைக்கு இருக்கிற அந்தச் செட்டில் இருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
மம்சாபுரத்தில் இருந்து உங்கள் ஆசிரியர் ஒருவர்